ஊருக்கு வந்த தொழிற்சாலையிடம் என்ன கேட்கலாம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 19 வருஷம் எனக்கு ஒரே வேலைதான்: மதில் சுவருக்கு வெளியே இருக்கும் ஊர்களோடு பேசுவது. விசிட்டிங் கார்டில் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு, மேலாளர். ஊரில் 'கம்பெனி மேடம்'. ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

மேடம், நான் ஊராட்சித் தலைவர். எங்க ஊர் எல்லைக்குள்ள பெரிய கம்பெனி இருக்கு. லாபத்துல 2 சதவீதம் எங்க ஊருக்குக் கொடுக்கணும்னு சட்டம் இருக்காமே?

பாதி சரி, தலைவரே. 2013ஆம் வருஷக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு அது. 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் கம்பெனி வளையத்துக்குள் வந்துவிடும். கடந்த மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவு செய்தாக வேண்டும். சி.எஸ்.ஆர். பணம் என்பது இதுதான். சராசரி லாபம் 40 கோடி என்றால் 80 லட்சம்.

'உங்கள் ஊருக்கு' என்பதில்தான் சிக்கல். தொழிற்சாலை இருக்கும் இடத்துக்கும் சுற்று வட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வாக்கியம் வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று மத்திய அரசே விளக்கம் கொடுத்துவிட்டது. உங்கள் ஊர்த் தொழிற்சாலை அந்தக் கம்பெனியின் ஆறு ஆலைகளில் ஒன்றாக இருக்கலாம். பணத்தை எங்கே போடுவது என்பது மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் இயக்குநர் குழுவின் முடிவு. உள்ளூர் மேலாளரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, அவரும் மேலே கேட்டுத்தான் சொல்வார்.

கம்பெனி தன் சி.எஸ்.ஆர். கொள்கையையும், குழுவில் யார் யார் என்பதையும், ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் இணையதளத்தில் போட்டாக வேண்டும். முதலில் அதைப் படியுங்கள். கல்விக்கும் தண்ணீருக்கும் மட்டுமே செலவு செய்யும் கம்பெனியிடம் சமுதாயக்கூடம் கேட்டு ஆறு மாதம் அலைந்த ஊர்களை எனக்குத் தெரியும்.

எங்க ஏரி தூர்ந்து போச்சும்மா. கம்பெனிக்காரங்க வெட்டிக் கொடுப்பாங்களா? வயசான விவசாயி நான்.

கொடுப்பார்கள் ஐயா. ஏரி வேலை என்றால் எல்லாக் கம்பெனிக்கும் ஆசை, போட்டோ நன்றாக வரும். ஆனால் எப்படி வெட்டுகிறார்கள் என்பதை நீங்கள் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஏன் என்றால் நானே ஒரு ஏரியைக் கெடுத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டு பொக்லைன், இருபது நாள். நடு ஏரியில் ஆழமாக வெட்டிக் கரையைப் பளிச்சென்று உயர்த்தி, மேலே நடைபாதையும் போட்டோம். அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. பக்கத்து ஏரி நிரம்பி, உபரிநீர் போகும் கலங்கல் வழிந்தது. எங்கள் ஏரியில் முழங்கால் தண்ணீர். ஊரில் முன்பு நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவராக, இருந்த பெரியவர் ஒருவர் என்னை அழைத்துக்கொண்டு போய், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயைக் காட்டினார். மூன்று கிலோமீட்டர் கால்வாயில் பாதி தூரம் வேலிகாத்தான் முள். ஒரு இடத்தில் மனைப்பிரிவுக்குச் சாலை போட்டவர்கள் குறுக்கே மண்ணைக் கொட்டி, குழாய்கூடப் பதிக்கவில்லை. "தொட்டியக் கழுவி வச்சுட்ட, குழாய அடைச்சபடியே விட்டுட்டியேம்மா" என்றார். போதாததற்கு நாங்கள் வெட்டிய பள்ளம் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. தண்ணீர் வந்திருந்தாலும் வயலுக்குப் பாய்ந்திருக்காது.

அதற்குப் பிறகு எங்கள் வரிசை மாறியது. முதலில் வரத்துக்கால்வாய், அடுத்து மதகும் கலங்கலும், கடைசியில்தான் தூர். கரையில் நடைபாதையும் பெயர்ப்பலகையும் பணம் மிஞ்சினால்.

அனுமதி விஷயமும் உண்டு. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையினுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எதுவானாலும் மாவட்ட ஆட்சியர் வழியாகத்தான் போக வேண்டும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும் என்பதால் தையிலேயே மனு கொடுத்தால்தான் ஆடிக்குள் மண் வெட்ட முடியும். எடுக்கிற வண்டல் விவசாயிகள் நிலத்துக்குப் போகிறதா, வேறு எங்காவது லாரி ஏறுகிறதா என்பதை ஊர்தான் கண்காணிக்க வேண்டும். அதற்குக் கம்பெனி ஆள் வைக்காது.

அக்கா, நிலம் எங்க ஊருது. ஆனா வேலைன்னு போனா காண்ட்ராக்ட்ல லோடிங்தான். ஐ.டி.ஐ. முடிச்சிருக்கேன். இதுக்கு சி.எஸ்.ஆர்.ல வழி இருக்கா?

வேலை கொடுப்பது சி.எஸ்.ஆர். இல்லை தம்பி. தன் ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படும் எதையும் அந்தக் கணக்கில் எழுத முடியாது. ஊர் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுப்பதை எழுதலாம்.

யாரும் வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பல ஆலைகளில் 'பத்து கிலோமீட்டருக்குள் ஆள் வேண்டாம்' என்று எழுதாத விதி உண்டு. உள்ளூர்ப் பையன் என்றால் திருவிழாவுக்கு லீவு போடுவான், சங்கம் வைப்பான், ஏதாவது என்றால் ஊரே கேட்டில் நிற்கும் என்ற பயம். கூட்டங்களில் இதை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். சில தடவை ஜெயித்தேன், பல தடவை இல்லை. இந்தப் பயம் இருக்கும் கம்பெனி எத்தனை நோட்டுப் புத்தகம் கொடுத்தாலும் ஊரோடு ஒட்டாது.

நீங்கள் பிடிக்க வேண்டிய கயிறு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம், 1961. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆட்களில், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து, 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுத்தாக வேண்டும். தேசிய அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவு செய்துவிட்டு, உங்கள் ஐ.டி.ஐ. முதல்வர் மூலம் ஆலையின் மனிதவளத் துறைக்குக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். நேரில் போய்க் கேட்டில் நின்றால் செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது. ஐ.டி.ஐ. முதல்வரின் கடிதத்தை அப்படித் தட்டிவிடுவது கஷ்டம்.

அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை. வருஷா வருஷம் சுவரில் படம் வரைந்து கொடுக்கிறார்கள். எங்களுக்குத் தேவை கழிப்பறை கழுவ ஓர் ஆள்.

டீச்சர், இதை வாய்விட்டுக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. சுவர் ஓவியம் ஒரு சனிக்கிழமையில் முடியும், ஊழியர்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து போகலாம். துப்புரவுப் பணியாளர் சம்பளம் மாதா மாதம் வரும் செலவு, திறப்பு விழாவும் கிடையாது. அதனால் தட்டிக் கழிப்பார்கள். 'மூன்று வருஷச் சுகாதாரத் திட்டம்' என்று எழுதிக் கேளுங்கள்: பணியாளர் சம்பளம், பினாயில், குழாய் பழுது, பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் எரிப்பான். மூன்று வருஷம் வரை நீளும் தொடர் திட்டத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளத்தில் பள்ளியின் தேவையாக இதைப் பதிந்தால் வேறு கம்பெனிகள் கண்ணிலும் படும்.

கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கேட்டா கையை விரிக்கிறாங்களே?

சி.எஸ்.ஆர். பட்டியலில் அது வராது. முதலாளி சொந்தக் காசில் கொடுத்தால் உண்டு. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுத்து, எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் நான் விழித்த கதை தனி.

சிறிய தொண்டு நிறுவனம் நடத்துகிறேன். கம்பெனிகளை எப்போது, எப்படி அணுகுவது?

முதலில் காகிதம். அறக்கட்டளை அல்லது சங்கப் பதிவு, வருமான வரியில் 12ஏ, 80ஜி என்ற வரிச்சலுகைப் பதிவுகள், குறைந்தது மூன்று வருஷ அனுபவம், அதற்கு மேல் சி.எஸ்.ஆர்.-1 படிவம். 2021 ஏப்ரல் முதல் அந்தப் பதிவு எண் இல்லாமல் எந்தக் கம்பெனியும் உங்கள் மூலம் திட்டம் நடத்த முடியாது.

அடுத்தது நேரம். ஜனவரி, பிப்ரவரியில் வருபவர்களுக்குக் கிடைப்பது மிச்சப் பணம். மார்ச் 31க்குள் செலவழிக்காத பணத்தை, தொடர் திட்டமாக இருந்தால் 30 நாளில் தனி வங்கிக் கணக்குக்கும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் பிரதமர் நிவாரண நிதி போன்ற அரசு நிதிகளில் ஒன்றுக்கும் மாற்ற வேண்டும். அந்த அவசரத்தில் 'மார்ச்சுக்குள் பில் கொடுக்க முடியுமா?' என்று கேட்பார்கள். நான் கேட்டிருக்கிறேன். அப்படி வந்த பணத்தில் உருப்படியாக நடந்தது குறைவு. வருஷ ஆரம்பத்தில், திட்டம் தீட்டும்போதே போய் உட்காருங்கள்.

ஒரு ஏமாற்றும் உண்டு. 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் சட்டப்படி தரக்கூடாது' என்று உங்களிடம் சொல்வார்கள். அந்த 5 சதவீத வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தை நேரடியாக நடத்தும் உங்கள் களப்பணியாளர் சம்பளம் அதில் சேராது. விதியை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

புகை எங்களுக்கு, கழிவு எங்களுக்கு, கூடவே ஸ்கூல் பையும் எங்களுக்கு! எல்லாம் கண்துடைப்புதானே?

சில இடங்களில் ஆமாம். நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதை சி.எஸ்.ஆர். என்று எழுத முடியாது. வேறு சட்டம் கட்டாயமாக்கிய எதுவும் இதில் சேராது. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்த்துவிட்டது. ஆகவே ஸ்கூல் பையை வாங்கிக்கொள்வதால் உங்கள் வாய் கட்டப்படவில்லை. பையையும் வாங்குங்கள், கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகாரும் கொடுங்கள்.

புதிதாக ஆலை வருகிறது அல்லது விரிவாக்கம் செய்கிறார்கள் என்றால், 2006ஆம் வருஷச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுக் கருத்துக்கேட்பு நடக்க வேண்டியிருக்கலாம். எல்லா ஆலைக்கும் இது வராது. வந்தால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்க அறிக்கை, பேசுவதெல்லாம் வீடியோவில் பதிவு. 'குடிநீர் தருவோம், மரம் நடுவோம்' என்று அங்கே சொன்னதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, உங்களையும் சேர்த்துத்தான்.

மேடம், ஒரு ஆலையில் புதிதாக சி.எஸ்.ஆர். பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

கேமராவை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு ஆரம்பிக்கலாம்.

முதல் மூன்று மாதம் எதையும் கொடுக்காதீர்கள். ரேஷன் கடை வரிசையில், தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில், நூறு நாள் வேலை நடக்கும் வரப்பில் போய் உட்காருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் கிராம சபை. பின்வரிசையில் இருந்து கேளுங்கள். மேடையில் நாற்காலி போடுவார்கள், மறுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், ஊருக்குள் நீங்கள் பேசும் 'ஊர்' யார்? நாங்கள் ஒரு கிராமத்தில் ஆர்.ஓ. குடிநீர் நிலையம் வைத்தோம். பெரியவர்கள் கூடிப் பேசி, பிள்ளையார் கோயில் பக்கத்தில் இடம் காட்டினார்கள். ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால் காலனியிலிருந்து ஒரு குடம்கூட வந்திருக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை என்றார்கள். காலனிப் பெண் ஒருவர் என்னிடம், "தடுக்க வேணாம் மேடம், அங்க நின்னு பாருங்க, தெரியும்" என்றார். நின்று பார்த்தேன். தெரிந்தது. இரண்டாவது நிலையத்தைக் காலனியிலேயே வைத்து, ஊர்க்காரர்களும் அங்கே வந்து பிடிக்கட்டும் என்றோம். ஆறு மாதம் யாரும் வரவில்லை. கோடையில் ஊர்ப்பக்கத்து மோட்டார் எரிந்துபோனபோது வந்தார்கள்.

மோட்டார் என்றதும் ஞாபகம் வருகிறது: வடிகட்டும் சவ்வு மாற்ற, மின்கட்டணம் கட்ட யார் என்று எழுதி வாங்காமல் ஆர்.ஓ. வைக்காதீர்கள். நம் வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் குடிநீர் நிலையங்களின் பெயர்ப்பலகைகளை எண்ணினாலே உங்கள் பாடம் முடிந்துவிடும்.

கம்பெனியே மூடிட்டுப் போயிட்டா?

போவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. அவற்றைச் சுற்றி இருந்த மெஸ், வாடகை வீடு, ஷேர் ஆட்டோ எல்லாவற்றுக்கும் அடி விழுந்தது.

அதனால் நான் இருந்த காலத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் வைத்த கேள்வி, நாளைக்கு நாங்கள் இல்லையென்றால் இதன் சாவி யாரிடம்? மகளிர் குழுவிடம், ஊராட்சியிடம், பள்ளி மேலாண்மைக் குழுவிடம் என்று ஒரு பதில் வந்தால் கையெழுத்து. 'கம்பெனியே பார்த்துக்கொள்ளும்' என்றால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன். டி.வி.எஸ். குழுமம் 1996இலேயே தொடங்கிய ஸ்ரீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் மகளிர் குழுக்களை முன்னால் வைத்து வேலை செய்ததைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். அப்போது 2 சதவீதச் சட்டமே கிடையாது.

அம்பத்தூரில் 40 பேர் வேலை செய்யும் லேத் பட்டறை எனது. சி.எஸ்.ஆர். சட்டம் எங்களைத் தொடாது. நாங்கள் என்ன செய்ய முடியும்?

நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம், சார். பணம் வேண்டாம். பக்கத்து ஐ.டி.ஐ. பிள்ளைகளை மாதம் ஒரு நாள் பட்டறைக்குள் விடுங்கள், பழைய லேத் ஒன்றைத் தொட்டு ஓட்டிப் பார்க்கட்டும். கையுறை, துடைக்கும் பழந்துணி, கேன்டீன் சாப்பாடு இவற்றில் ஒன்றையாவது தெருவில் இருக்கும் மகளிர் குழுவிடம் வாங்குங்கள், பில்லுக்கு 90 நாள் இழுக்காமல் மாதக் கடைசியில் பணம் கொடுங்கள். ராத்திரி ஷிப்டில் கிரைண்டிங் சத்தத்தைப் பத்து மணிக்கு மேல் நிறுத்த வேண்டுமா என்று எதிர் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை போய்க் கேட்டுப் பாருங்கள்.