வாகனத் தணிக்கையில் போதைப்பொருள் சோதனை: எதை மறுக்கலாம், எதை மறுக்க முடியாது?

கேள்வி: திருப்பதியிலிருந்து நண்பர்களுடன் என் சொந்தக் காரில் சென்னைக்குத் திரும்பியபோது, இரவு வாகனத் தணிக்கையில் நிறுத்தினார்கள். உரிமத்தையும் ஆர்.சி.யையும் பார்த்த பிறகு, கஞ்சா சோதனை என்று சொல்லி டிக்கியையும் பைகளையும் திறந்தார்கள். எங்கள் சட்டைப் பைகளிலும் கைவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் எழுதப்படாத ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். இவற்றை நான் மறுத்திருக்கலாமா?

பதில்: டிக்கி, உங்கள் உடல், அந்த வெற்றுத்தாள் ஆகிய மூன்றுக்கும் சட்டம் வெவ்வேறு விடை தருகிறது.

சீருடையில் உள்ள காவலர் கைகாட்டினால் வண்டியை நிறுத்தவும், கேட்டால் உரிமத்தைக் காட்டவும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி நீங்கள் கடமைப்பட்டவர். ஆனால் டிக்கியைக் கிளறும் அதிகாரம் அந்தச் சட்டத்திலிருந்து வருவதில்லை. அது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 49-ஆம் பிரிவிலிருந்து வருகிறது; கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட பதவியில் உள்ள, அரசால் அதிகாரம் அளிக்கப்பட்ட அதிகாரி, வாகனம் போதைப்பொருள் கடத்தப் பயன்படுகிறது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், அதை நிறுத்தி முழுவதும் சோதிக்கலாம். இதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. அமெரிக்கத் தொடர்களைப் பார்த்துவிட்டு "நான் சம்மதிக்கவில்லை" என்று சாலையில் வாதாடுவதால் இங்கே பயன் ஏதுமில்லை. தடுக்க முயன்றால் அரசு ஊழியரைத் தடுத்ததாகத் தனி வழக்கு வரக்கூடும். சோதனை முறையற்றது என்பதற்காக மட்டுமே, அதில் கிடைத்த சான்றை நம் நீதிமன்றங்கள் ஒதுக்கிவிடுவதுமில்லை.

உடல் சோதனைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 50-ஆம் பிரிவின்படி, உங்களை அருகிலுள்ள நீதித்துறை நடுவர் முன்போ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்போ அழைத்துச் சென்று சோதிக்குமாறு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமை இருப்பதை அதிகாரி கண்டிப்பாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தெரிவிக்காமல் உடலிலிருந்து எடுத்த பொருளை, அதை வைத்திருந்த குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. பலர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும் என்பது 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். போகும் வழியில் பொருளைக் கைமாற்றிவிடுவார் என்று நம்பக் காரணம் இருந்தால் அதிகாரி அங்கேயே சோதிக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை எழுதி 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவு வலுவான பாதுகாப்பு கையில் உள்ள பைக்குக் கிடையாது என்பதைப் பலரும் அறிவதில்லை. பை உடலின் பகுதி அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இலும் உறுதி செய்தது. ஆகவே உங்கள் சட்டைப் பையில் கைவிடும் முன் இந்த உரிமையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே பணிவாகக் கேட்கலாம்.

அதிகாரிக்கு முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தால், 42-ஆம் பிரிவின்படி அதை எழுதிவைத்து மேலதிகாரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். பொதுச் சாலையில் நின்றாலும் தனியார் வாகனம் பொது வாகனம் ஆகாது என்று கூறி, இந்தப் பிரிவை முற்றிலும் பின்பற்றாத ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. வழக்கமான ரோந்தில் தற்செயலாகக் கிடைத்த பொருளுக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது. அதனால் காவலர்கள் முதலில் என்ன சொல்லி நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு என்பவற்றை அன்றே குறித்துவைப்பது பின்னாளில் வழக்கறிஞருக்கு மிகவும் உதவும்.

எழுதப்படாத தாளில் கையெழுத்திட எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கைப்பற்றுதல் மகஜர் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணம்) அந்த இடத்திலேயே சாட்சிகள் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. வெற்றுத்தாள், 50-ஆம் பிரிவின் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்த கடிதமாகவும் மாறக்கூடும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான்.

நண்பர்களின் பைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் சொல்லியாக வேண்டும். பொருள் உங்கள் வசம் இருந்தது என்று காவல்துறை நிறுவிவிட்டால், அது உங்களுக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். கஞ்சா 20 கிலோவுக்கு மேல் இருந்தால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. ஜாமீனும் மிக அரிது. காரையும் அரசு பறிமுதல் செய்யலாம். தப்ப வேண்டுமானால், உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பதோடு, நியாயமான முன்னெச்சரிக்கை அனைத்தையும் எடுத்திருந்தீர்கள் என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். எனவே உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத பார்சலைக் காரில் ஏற்றாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தணிக்கை நடந்த நாள், நேரம், இடம், நினைவில் உள்ள பெயர்ப்பட்டை, வாகன எண், உடனிருந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றுடன், எதுவும் கைப்பற்றப்படவில்லை என்பதையும் எழுதப்படாத தாளில் கையெழுத்து வாங்கப்பட்டதையும் குறிப்பிட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) உடனே மனு அனுப்பி, அதன் நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சந்தேகிக்க நியாயமான காரணமின்றித் தொல்லை தரும் நோக்கில் சோதிக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க என்.டி.பி.எஸ். சட்டத்தின் 58-ஆம் பிரிவு இடமளிக்கிறது. மனுவில் அந்தப் பிரிவையும் குறிப்பிடலாம்.