திருமலைக்குக் குடும்பத்தோடு போக வாடகைக் கார் நல்லதா, பஸ்ஸே போதுமா?

சென்னையிலிருந்து கேட்கிறீர்கள், கூட வயதான அப்பா அம்மா வருகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தனியாள் என்றால் இதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள், கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போயிருப்பீர்கள்.

சாமி பார்த்துவிட்டு அப்படியே திரும்புவதானால் கார் வேண்டாம். மேலே போனதும் அதை எங்காவது நிறுத்திவிட்டு தேவஸ்தானத்தின் இலவச பஸ்ஸில்தான் சுற்றப் போகிறீர்கள். கூட்ட நாளில் நிறுத்த இடம் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் தரிசனத்துக்கு அடுத்த நாளும் கையில் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கார் எடுங்கள்.

எங்கள் அம்மாவுக்குத் திருப்பதி என்றால் பல வருடமாக ஒரே மாதிரிதான்: ராத்திரி பேக்கேஜ் பஸ், க்யூ, 'ஜருகண்டி' (நகருங்கள்) என்ற விரட்டல், லட்டு, மறுபடி பஸ். போன முறை நான் செல்ஃப் டிரைவ் கார் எடுக்கிறேன் என்றதும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா, "கோயிலுக்குப் போறியா, பிக்னிக் போறியா?" என்று போட்டார். கிளம்புகிற அன்றைக்கு விடியற்காலையில் அவரே பையோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

இந்தச் சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எப்போதும் யாரிடமாவது சிபாரிசுக் கடிதம் வாங்கித்தான் தரிசனத்துக்குப் போவார். போய் வந்து, "அஞ்சே நிமிஷம், பெருமாள் எனக்குன்னு காத்திருந்தார்" என்பார். 300 ரூபாய் டிக்கெட் கிடைக்குமா என்று ஆன்லைனில் காத்துக் கிடந்து, அது தீர்ந்துபோய், இலவச தரிசனக் கூடத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மட்டும் பெருமாள் காத்திருக்க மாட்டாரா? கேட்டால் எனக்குப் பொறாமை என்பார்கள். இருக்கட்டும்.

ரோட்டுக்கு வருகிறேன். மலையடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடியில் எல்லாப் பையையும் சோதிப்பார்கள். சிகரெட், மது, அசைவம் எதுவும் மேலே போகாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து ஃபாஸ்டேக்கும் கட்டாயம். வாடகை வண்டி என்றால் அதில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே கேட்டுவிடுங்கள். ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. ஏறுவது 1974-இல் வந்தது, இறங்குவது 1944-இல் போட்ட பழைய பாதை, கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். எதிரே வண்டி வராது என்பதால் மலையில் ஓட்டிப் பழகாதவர்களும் பயப்பட வேண்டாம். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் இரண்டாவது கியரில் விடுங்கள். குறித்த நேரத்துக்கு முன்னால் கீழே வந்து சேர்ந்தால் அபராதம் உண்டு. "அந்த இன்னோவாக்காரன் போறான் பாரு, நீ ஊர்ந்துக்கிட்டிருக்க" என்று சித்தப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கீழே வந்து பார்த்தால் அதே இன்னோவாவை ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

சிலாதோரணம், ஆகாச கங்கை, பாபவிநாசம் எல்லாம் மேலேயே இருக்கின்றன, ஜீப்பிலும் போகலாம். காரின் பலன் தெரிவது கீழே இறங்கிய பிறகுதான். ஏர்ப்பேடு பக்கம் குடிமல்லம் என்று ஒரு கிராமம், பரசுராமேஸ்வரர் கோயில். அங்கிருக்கிற லிங்கம் கிறிஸ்துவுக்கு முந்தையது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஏறத்தாழ ஐந்தடி உயரம், அதன் முன்பக்கத்தில் குள்ளன் ஒருவன் தோளில் நின்றபடி சிவன், ஒரு கையில் ஆடு, தோளில் கோடரி. "வேட்டைக்குக் கிளம்பின மாதிரி இருக்காரே" என்றாள் அம்மா. அர்ச்சகரையும் எங்களையும் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. அர்ச்சகர் தெலுங்கும் தமிழுமாகக் கலந்து விளக்கம் சொல்ல, அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நகரச் சொல்ல யாரும் இல்லை. பேக்கேஜ் பஸ் அங்கே போகாது. அந்த ஒரு இடத்துக்காகவே நான் வாடகையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

'பெருமாள் ஊரில் போய் ஊர் சுற்றுகிறாயா' என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: தரிசனம் முடித்து, திருச்சானூரில் தாயாரையும் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். பஸ்ஸில் போகிறவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. செலவு குறைவு, தூங்கிக்கொண்டே போகலாம்.

திரும்பும்போது காளஹஸ்தி போகலாம், கூட்டம் இருக்கும். சந்திரகிரிக் கோட்டை ராஜ மஹால் அருமை, ஆனால் அதில் இருக்கிற அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

வண்டி எடுக்கும்போது கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், செல்ஃப் டிரைவ் வாடகைக்கு அதுதான் முறை. தெரிந்தவர் வெள்ளை போர்டு வண்டியை மலிவாகத் தருகிறார் என்று போனால், விபத்து என்று வரும்போது இன்ஷூரன்ஸில் இழுபறிதான். சாவி வாங்கியதும் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். பழைய கீறல் ஒன்றைக் காட்டி என் டெபாசிட்டில் கை வைக்கப் பார்த்தார்கள், வீடியோவைக் காட்டியதும் அடங்கிவிட்டார்கள். டிரைவரோடு மஞ்சள் போர்டு எடுத்தால் பேட்டாவும் ஆந்திரா பெர்மிட்டும் யார் கணக்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம், மலை ஏறும்போது முன் சீட்டை வாந்தி வருகிறவருக்குக் கொடுங்கள், சித்தப்பாவுக்கு வேண்டாம்.