கிராஸ், பால் ஜாயின்ட்: எதை வாங்கலாம், எதை இரவல் பெறலாம்?

கேள்வி: மிச்சிகனில் 2006ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250, நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் முனகுகிறது. சக்கரத்தைத் தூக்கி, அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் கீழ்ப் பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப இடம்கொடுக்கும் பந்து மூட்டு) ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது. முன் ஆக்சிலின் யூ-ஜாயின்ட்களும் (சுழலும் தண்டுகளை இணைக்கும் சிலுவை வடிவ மூட்டுகள்) இறுகிவிட்டன. வீட்டிலேயே மாற்ற எண்ணுகிறேன். பால் ஜாயின்ட்டுக்கு ஒரு பிரஸ், யூ-ஜாயின்ட்டுக்கு ஒரு கருவி என்று இரண்டும் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நம் ஊர்ப் பட்டறைகளில் ‘கிராஸ்’ என்று சொல்லும் யூ-ஜாயின்ட்டைக் கழற்றுவதும், பால் ஜாயின்ட்டைக் கழற்றுவதும் அடிப்படையில் ஒரே வேலைதான்: இறுக்கமாக ஏற்றப்பட்ட ஓர் உருளையை அதன் துளையிலிருந்து கோணாமல் தள்ளி வெளியேற்ற வேண்டும். பெரிய ‘சி’ கிளாம்ப் போன்ற சட்டமும், அதில் கனமான திருகும், பல அளவுகளில் குழாய்த் துண்டுகளும் கொண்ட பால் ஜாயின்ட் பிரஸ் இரண்டுக்கும் போதும். யூ-ஜாயின்ட்டுக்கென்றே விற்கும் புல்லர், வாரம் நான்கு வண்டி பார்க்கும் பட்டறைக்காரருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த வேலையில் இறங்கும் உங்களுக்கு அது அலமாரியில்தான் கிடக்கும்.

பிரஸையும் நீங்கள் விலைக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. ஆட்டோசோன், ஓரைலி போன்ற உதிரிபாகக் கடைகள் முன்பணம் பெற்றுக்கொண்டு இதை இரவல் தருகின்றன. திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பிவிடும். ஆனால் பெட்டியைக் கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். திருகின் மரை நசுங்கியிருக்கிறதா, கையால் முழு நீளமும் சுழல்கிறதா, குழாய்த் துண்டுகள் எல்லாம் உள்ளனவா என்று பார்க்காமல் எடுத்து வந்து, சனிக்கிழமை இரவு வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு வேண்டிய அளவு குழாய் மட்டும் இல்லையென்று கண்டு, மறுநாள் முழுதும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. உங்களுடையது கனமான வண்டி. சாதாரணக் கார்களுக்கான சிறிய சட்டம் அதன் நக்கிளை, அதாவது பால் ஜாயின்ட்டும் சக்கர ஹப்பும் பொருந்தியிருக்கும் இரும்புத் துண்டைச் சுற்றி வராது. நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான அடாப்டர் தொகுதியையும் சேர்த்துக் கேட்டுப் பெறுங்கள்.

பிரஸின் திருகுக்குத் தாராளமாகக் கிரீஸ் பூசுவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உலர்ந்த மரையில் நீங்கள் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும். அதற்கு மேலும் இழுத்தால் மரை கடித்துக்கொண்டு திருகே பாழாகும். பழைய ஜாயின்ட் அசையாவிட்டால், பிரஸை நன்றாக இறுக்கி வைத்துவிட்டு, ஜாயின்ட் உட்கார்ந்திருக்கும் நக்கிளின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் இரண்டு அடி கொடுங்கள். துரு விடும்போது துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் முகம் திருகுக்கு நேரே இருக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் அணிந்திருக்க வேண்டும்.

புதிய பால் ஜாயின்ட்டை ஏற்றும்போது குழாயைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழுத்தும் குழாய் ஜாயின்ட்டின் வெளி விளிம்பில் மட்டும் அமர வேண்டும். நடுவிலுள்ள மூடியிலோ ரப்பர் உறையிலோ பட்டால், புதிய ஜாயின்ட் வண்டியில் ஏறும் முன்பே கெட்டுவிடும். எதிர்ப்பக்கம் தாங்கும் குழாய் நக்கிளின் சமதளத்தில் முழுதாகப் படிய வேண்டும். ஒரு பக்கம் சற்றுத் தூக்கி நின்றாலும் ஜாயின்ட் கோணலாக ஏறித் துளையைச் சுரண்டும். முதல் ஓரிரு மில்லிமீட்டர் ஏறியதும் நிறுத்தி, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சொல்லப்போனால், உங்கள் வேலையில் அதிக நேரத்தை விழுங்கப்போவது பிரஸ் அல்ல, சக்கரம் பொருந்தியிருக்கும் ஹப். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, இரும்பு நக்கிளையும் பேரிங் ஹப்பையும் ஒரே உலோகம்போல் பிணைத்துவிடும். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். நட்டுகளை முழுதும் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, சறுக்குச் சுத்தியலால் இழுத்துப் பாருங்கள். அதையும் இரவல் பெறலாம். ஏபிஎஸ் சென்சார் கம்பியை முதலிலேயே பிரித்து ஓரமாகக் கட்டிவிடுங்கள். உங்கள் வண்டியில் முன் ஹப்கள் வெற்றிட விசையால் பூட்டப்படும் வகையாக இருந்தால், ஆக்சில் தண்டைச் சுற்றியுள்ள சீல் கிழிந்தால் ஹப்கள் தானாகப் பூட்டாமல் போகலாம். தண்டை வெளியே எடுத்த பிறகு பழைய சீலையே மறுபடி நம்பாமல் புதியதைப் போட்டுவிடுவது நல்லது.

விலைக்கு வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வண்டியின் எடையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தாங்கும் ஜாக் ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலையைத் தொடவே கூடாது. மற்றது, நட்டை முடுக்கும் விசையை அளந்து காட்டும் அரை அங்குல டார்க் ரெஞ்ச். மேல், கீழ்ப் பால் ஜாயின்ட் நட்டுகளை எந்த வரிசையில், எத்தனை கட்டமாக, எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்த வரிசையை மாற்றினால் ஸ்டீயரிங் கனத்துப்போகும்.

கேள்வி: என்னுடையது செவ்ரலே சில்வராடோ. டிரைவ்ஷாஃப்ட்டின் (என்ஜின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) கிராஸைக் கழற்ற, அதைப் பூட்டும் வளையத்தை எடுக்கும் ஸ்னாப் ரிங் பிளையருடன் உட்கார்ந்தேன். ஸ்னாப் ரிங்கே இல்லை. வைஸில் வைத்துத் தள்ளினால் அசையவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: ஜெனரல் மோட்டார்ஸ் பல பிக்கப்களின் டிரைவ்ஷாஃப்ட்டில் கிராஸின் முனைகளை மூடும் கப்பை ரிங்கால் பூட்டாமல், கப் பொருந்தும் தண்டின் முனையான யோக்கின் சிறு துளை வழியே உருகிய நைலானைச் செலுத்தி உறைய வைத்திருக்கும். அந்த நைலானை உருக்கினால்தான் கப் நகரும். சிறிய புரொப்பேன் டார்ச்சால் யோக்கின் காதை மெதுவாகச் சுட வைத்தால், துளையிலிருந்து நைலான் புழுப்போல நெளிந்து வெளிவரும். அதற்கு மேல் சூடு வேண்டாம். தண்டு அலுமினியமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. தண்டின் குழலை வைஸில் இறுக்கவே கூடாது, யோக்கை மட்டும் பிடியுங்கள்.

மாற்றாக வரும் கிராஸ் பெரும்பாலும் யோக்கின் உட்புறம் பொருந்தும் கிளிப்புகளுடன் கிடைக்கும். வாங்கும் முன் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். 1310, 1330 என்ற இரண்டு வரிசைகளுக்கும் கப்பின் விட்டம் ஒன்றே, 1.0625 அங்குலம், ஆனால் கிராஸின் அகலம் 3.219, 3.625 என்று வேறுபடும். கப்பை மட்டும் அளந்துவிட்டுக் கடைக்குப் போய் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

இங்கே வைஸும் இரண்டு சாக்கெட்டுகளும் போதும்: கப்பைவிடச் சற்றுச் சிறிய சாக்கெட் தள்ளவும், கப் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரியது எதிர்ப்பக்கம் வாங்கவும். சுத்தியலால் அடித்து ஏற்ற முனைந்தால் யோக்கின் காதுகள் வளையும், கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளும் சரியும். ஒரே ஓர் ஊசி கப்பின் அடியில் குறுக்கே விழுந்துவிட்டால் போதும், கிளிப் பள்ளத்தில் உட்காராமல் ஒரு மயிரிழை வெளியே நிற்கும். அப்போது இன்னும் அழுத்த வேண்டாம். கப்பைத் திரும்ப எடுத்து, கெட்டியான கிரீஸால் ஊசிகளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி மறுபடி ஏற்றுங்கள். முடிந்ததும் கிராஸ் நான்கு திசையிலும் கையால் அசைய வேண்டும். இறுக்கமாக இருந்தால், யோக்கின் காதில் மென்மையான சுத்தியலால் லேசாகத் தட்டினால் கப் தன் இடத்துக்கு வந்து இளகும்.

கேள்வி: பால் ஜாயின்ட்டைப் பிரிக்கும் கவட்டை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: தூக்கி எறியப்போகும் ஜாயின்ட்டுக்கு வாங்கலாம். அது ரப்பர் உறையைக் கிழிக்காமல் நுழைவது அரிது. ஆகவே திரும்பப் போட வேண்டிய டை ராட் (ஸ்டீயரிங் இணைப்புத் தண்டு) முனைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, அதற்குத் திருகுப் புல்லர்தான் சரி. எதைக் கொண்டு பிரித்தாலும் நட்டை முழுதும் எடுக்காமல் சில மரைகளில் விட்டுவையுங்கள். ஜாயின்ட்டின் கூம்பு வடிவத் தண்டு துளையிலிருந்து விடுபடும் கணத்தில் நக்கிள் உங்கள் காலில் விழாமல் அந்த நட்டே பிடித்துக்கொள்ளும்.