பர்மாவில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்று நாவலாசிரியருக்குத் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது? விசுவாசம், குடும்பம், பிடித்த சமையல் பற்றியும் சொல்ல முடியுமா?

தென்பர்மாவில் உள்ள மோல்மீன் (இன்றைய மௌலமியாய்ன்) நகரில் இருந்துகொண்டு, மிஷனரி ஜட்சன் காலத்துப் பர்மாவைக் களமாக வைத்துத் தமிழில் நாவல் எழுதி வருகிறவன் நான். தூண்டுதல், விசுவாசம், குடும்பம், சமையல் என்று நான்காகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். என் விஷயத்தில் அவற்றைப் பிரிக்க முடியாது. ஏனென்றால் நாவல் தொடங்கியதே ஒரு சாப்பாட்டுச் செய்தியிலிருந்துதான்.

அடோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆன் அம்மையாரும் 1813இல் ரங்கூனில் வந்து இறங்கிய அமெரிக்கர்கள். 1824இல் முதலாம் ஆங்கிலேய – பர்மியப் போர் மூண்டதும், ஆங்கிலம் பேசும் வெள்ளைக்காரர் அனைவரையும் ஒற்றர்கள் என்று சந்தேகித்த ஆவா அரசு (ஆவா அன்றைய பர்மியத் தலைநகர்), ஜட்சனையும் விலங்கிட்டுச் சிறையில் போட்டது. அந்தச் சிறையில் கைதிக்குச் சோறு போடும் ஏற்பாடு கிடையாது. வெளியிலிருந்து உறவினரோ வேலையாளோ கொண்டுவந்தால்தான் சாப்பாடு. சோறும் குழம்புமாகக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்த ஆன் அம்மையாருக்கு, கணவருக்குச் சொந்த ஊர் நினைவு வரும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒருநாள் ஆசை வந்தது. நியூ இங்கிலாந்து வீடுகளில் விசேஷ நாட்களில் செய்யும் கொத்துக்கறிப் ‘பை’ (pie, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடுவது) என்ற பண்டத்தை, கிடைத்த எருமை இறைச்சியையும் வாழைப்பழத்தையும் கொண்டு எப்படியோ ஒப்பேற்றி அனுப்பினார். விலங்கையும் பசியையும் வசவையும் தாங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரால் அந்தப் பண்டத்தைத் தாங்க முடியவில்லை. முழங்காலில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டு, ஒரு வாய்கூட உண்ணாமல், உடனிருந்த கைதியிடம் அதைத் தள்ளிவிட்டார்.

ஜட்சன் பர்மியில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றிய கதையைத்தான் எங்கள் ஞாயிறு பள்ளிகளில் வருடந்தோறும் சொல்வார்கள். அது பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த கதையில் நாவலாசிரியனுக்குச் செய்ய அதிகமில்லை. என் நாவலில் அது அரைப் பக்கத்தோடு முடிந்துவிடும். அந்த எருமைக்கறிப் பண்டத்துக்கு ஓர் அத்தியாயம் முழுவதும் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு தூண்டுதல், ஜட்சன் வீட்டில் வேலை செய்த வங்காளிச் சமையற்காரர். 1825இல் கைதிகளை அவுங்பின்லே என்ற கிராமத்துச் சிறைக்கு மாற்றியபோது அவரும் கூடவே போனார். விறகுக்கும் தண்ணீருக்கும் வெகுதூரம் நடந்து, தான் மாலைவரை பட்டினி கிடந்தாலும் ஐயாவின் சாப்பாட்டை நேரத்துக்குத் தயாராக்கினார் என்றும், சாதியைக்கூடப் பாராமல் உழைத்தார் என்றும், சம்பளம் என்று ஒருநாளும் வாய் திறக்கவில்லை என்றும் ஆன் அம்மையாரே 1826இல் எழுதிய கடிதத்தில் நன்றியோடு குறிப்பிடுகிறார். மிஷனரி வரலாறுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அதே போருக்கு மதராஸ் படைப்பிரிவுகளும் கப்பலேறி வந்தன என்பதால், படையோடு வந்த ஒரு தமிழ்ச் சமையற்காரனைக் கற்பனை செய்து அவனையே கதை சொல்ல வைத்தேன்.

விசுவாசத்தைப் பற்றி: நான் சபையில் வளர்ந்தவன், இன்றும் ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனை பாடுகிறவன். ஆனாலும் நாவலைப் பிரசங்கமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆன் அம்மையார் 1826 அக்டோபரில், கணவர் அருகில் இல்லாதபோது, அன்று ஆம்ஹெர்ஸ்ட் எனப்பட்ட, இன்றைய கியாய்க்கமி ஊரில் இறந்தார். சிறைக்காலத்தில் பிறந்த குழந்தை மரியாவும் அடுத்த ஏப்ரலில் போய்விட்டாள். அதன்பின் ஜட்சன் காட்டோரம் குடிசை போட்டுத் தனித்திருந்து, தனக்கென்று ஒரு குழியை வெட்டி, அதன் அருகே உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. வாசித்துப் பார்த்த மூப்பர் ஒருவர், "தம்பி, இந்தப் பகுதி வேண்டாமே, விசுவாசிகளுக்கு இடறலாகும்" என்றார். நான் எடுக்கவில்லை. அந்தக் குழியருகே இருந்து எழுந்து வந்தவர்தான் 1834இல் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார். குழியை மறைத்துவிட்டு வேதாகமத்தை மட்டும் காட்டினால், அவரை உத்தமராக்கலாமே தவிர, கஷ்டத்தில் இருக்கிறவன் அவரிடம் ஒட்டமாட்டான்.

குடும்பத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து அரிசி ஆலைக் கணக்குக்கு வந்தவர். 1942இல் பலர் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள், 1964இல் கடைகள் தேசியமயமானபின் பலர் கப்பலேறினார்கள். இரண்டு முறையும் எங்கள் வீட்டார் ஏதேதோ காரணம் சொல்லி இங்கேயே தங்கிவிட்டார்கள். மனைவி கரேன் இனத்துக் கிறிஸ்தவர். வீட்டு ஜெபத்தில் அவர் ஜட்சனின் பர்மிய வேதாகமத்தையும் நான் தமிழ் வேதாகமத்தையும் வைத்துக்கொண்டு மாறிமாறி வாசிப்போம். நாவலில் வரும் மீன், கீரை, பழம் எல்லாம் அந்தந்த மாதத்துச் சந்தைக்கு வருமா என்று பார்ப்பதும் அவர்தான்.

இனி சமையல். அம்மா வழியில் வந்தது பலாச்சாங் என்ற பர்மியத் தொடுகறி. பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் சன்னமாகச் சீவி, தனித்தனியாக நிதானமான தீயில் பொரிக்க வேண்டும். எடுத்தபிறகும் சூட்டில் நிறம் ஏறும் என்பதால், பொன்னிறத்துக்குச் சற்று முன்பே அரித்து எடுத்துவிட வேண்டும். அதே எண்ணெயில் மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் ஙப்பி (புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுது), இடித்த காய்ந்த இறால், புளிக்கரைசல் சேர்த்து, ஈரம் வற்றி எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். நன்றாக ஆறியபின்தான் பூண்டையும் வெங்காயத்தையும் கலக்க வேண்டும், சூட்டோடு கலந்தால் நமத்துவிடும். ஒரு கரண்டி இருந்தால் ஒரு தட்டுச் சோறு தானாக இறங்கும்.

கிறிஸ்துமஸுக்கு அந்தச் சிறைப் பண்டத்தை எங்கள் வசதிக்கு மாற்றிச் செய்கிறோம். எருமைக்குப் பதில் ஆட்டுக் கொத்துக்கறியை வேகவைத்து, கனிந்த வாழைப்பழம், பனைவெல்லம், பட்டை, கிராம்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சுருளக் கிளறி ஆறவைப்போம். வீட்டில் ஓவன் (oven) கிடையாது. ஆகவே மைதா மாவை வட்டமாகத் தேய்த்து, பூரணத்தை வைத்துச் சோமாசி மாதிரி மடித்து, ஓரத்தை அழுத்தி எண்ணெயில் பொரித்தெடுக்கிறோம். மறுநாளுக்கு வைத்தால் உள்ளிருக்கும் பழம் நீர் விட்டு மாவு சவசவத்துப் போகும் என்பதால், பொரித்த அன்றே தீர்த்துவிட வேண்டும்.