வெளிநாட்டில் நடக்கும் லேஸ் பின்னல் விழாவுக்குத் தோழிகளோடு குழுவாகச் செல்வதில் பயன் உண்டா?

சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகளாகப் பாபின் லேஸ் (நூல் சுற்றிய சிறு கட்டைகளான பாபின்களைக் கொண்டு, குண்டூசி குத்திய தலையணைமேல் பின்னும் லேஸ்) கற்று வருவதாகவும், ஐரோப்பாவில் நடக்கும் விழா ஒன்றுக்குத் தோழிகள் நால்வருடன் செல்ல ஆசைப்படுவதாகவும், அவ்வளவு பணம் செலவழித்துப் போவது தகுமா என்ற தயக்கம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குழுவும் ஐந்து பேர்தான். இருமுறை சென்று வந்திருக்கிறோம். முதல் பயணத்தில் பணம் போனது, இரண்டாவது பயணத்தில் கை திருந்தியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். ஒரே ஊரில் நான்கைந்து நாள் தங்கி, பாதியில் நிற்கும் உங்கள் வேலையைத் தலையணையோடு கொண்டுபோய், அந்த ஊர்ப் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுவதாக இருந்தால் தயங்காமல் போய் வாருங்கள்.

நாங்கள் சனிக்கிழமை தோறும் தோ பாயோவில் என் வீட்டு வரவேற்பறையில் கூடிப் பின்னுகிறவர்கள். நாகர்கோவிலிலிருந்து திருமணமாகி வந்து ஈசூனில் வசிக்கும் ஓர் அக்கா, யாழ்ப்பாண வம்சாவளியைச் சேர்ந்த ஒரு மாமி, அவருடைய மருமகள், கெபாயா என்ற மலாய்ப் பெண்களின் மேற்சட்டை தைக்கும் மலாய்த் தோழி ஒருவர், நான். தொடக்க நாள்களில் ஒரு முறை மலாய்த் தோழி, தாம் தைக்கும் கெபாயாவின் ஓரத்தைக் காட்டி, இதை நாங்கள் 'ரெண்டா' என்போம் என்றார். மாமி தலையணையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எங்கட வீட்டில இதை றேந்தை எண்டுதான் சொல்லுறது" என்றார். தமிழ் அகராதியில் 'ரேந்தை' என்று இருக்கும் அந்தச் சொல்லும் மலாய்ச் சொல்லும் போர்த்துக்கீசியச் சொல்லான 'ரெண்டா'விலிருந்து வந்தவை. இரண்டு கரைகளில் வேறு வேறு காலத்தில் இறங்கிய ஒரே சொல், எங்கள் மேசையில் வந்து சந்தித்துக்கொண்டது. லேஸ் யாருடைய கலை என்ற கேள்வி அன்றிலிருந்து எங்களுக்குள் எழுந்ததில்லை.

முதல் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரோவேஷியாவில் லெபோகிளாவா என்ற சிற்றூரில் செப்டம்பர் மாதம் பன்னாட்டு லேஸ் விழா நடக்கும். அந்நாட்டின் லேஸ் கலை, லெபோகிளாவாவின் பாபின் லேஸ், பாக் தீவில் தையலூசியால் செய்யும் ஊசி லேஸ், ஹ்வார் தீவில் பெனடிக்ட் சபைக் கன்னியர் கற்றாழை நாரில் செய்யும் லேஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து, 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் பயண ஏற்பாட்டை ஒரு முகவரிடம் ஒப்படைத்தோம். "அவ்வளவு தூரம் போகிறீர்கள், நாலு நகரத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, பத்து நாளில் ஐந்து நகரங்களைச் சுற்றினோம். விழாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிற்பகல். மேசை மேசையாக நடந்தோம், படம் எடுத்தோம், பேருந்து கிளம்புகிறது என்று அழைத்ததும் ஓடினோம். வீடு திரும்பித் தலையணைமுன் உட்கார்ந்தபோது, போவதற்கு முன்பு எனக்கு என்ன தெரிந்திருந்ததோ அதுவேதான் அப்போதும் தெரிந்திருந்தது. பல நாள் மனம் வருந்தினேன்.

அதனால் இரண்டாவது முறை, லேஸ் விழா நடக்கும் ஸ்லோவேனியாவின் இட்ரியாவுக்கு மட்டும் என்று முடிவு செய்து, 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிளம்பினோம். இட்ரியா மலைகளுக்கு நடுவில் அடங்கிய சிறிய ஊர். 1490ஆம் ஆண்டில் மரத்தொட்டி செய்யும் ஒருவர் ஓடையில் பாதரசத்தைக் கண்டார் என்பது அந்த ஊரின் தொடக்கக் கதை. ஸ்பெயினின் அல்மதேனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய பாதரசச் சுரங்கம் அங்கே ஐந்நூறு ஆண்டுகள் இயங்கியது. இரண்டு ஊர்களும் சேர்ந்து 2012இல் உலக மரபுடைமை இடமாயின. ஆண்கள் மண்ணுக்கு அடியில் பாதரசப் புகையில் உடலைக் கெடுத்துக்கொண்டு கொண்டுவந்த கூலி வீட்டுக்குப் போதாதபோது, பெண்கள் மாலை முழுவதும் லேஸ் பின்னிக் குறையை ஈடுகட்டினார்கள். 1876இல் தொடங்கப்பட்ட லேஸ் பள்ளி இன்றும் நடக்கிறது. அதன் முதல் ஆசிரியை இவான்கா ஃபெர்யான்சிச். ஸ்லோவேனியாவின் பாபின் லேஸ் கலை 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததற்கு, இப்படி அறுபடாமல் வந்த கற்பித்தல்தான் வேர் என்று நான் கருதுகிறேன். விழாவில் சிறுவர் சிறுமியர் குறித்த நேரத்துக்குள் பின்னும் போட்டியைப் பார்த்தபோது, நம் பிள்ளைகள் போட்டி மேடையில் திருக்குறள் ஒப்புவிக்கும்போது தெரியும் முனைப்பு அந்த முகங்களில் தெரிந்தது.

இனி, நீங்கள் கேட்ட பயன் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். பாபின் லேஸில் அடிப்படை அசைவுகள் இரண்டே என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பாபின் சோடிகளின் நடுவிலுள்ள நூல்களைக் குறுக்கே மாற்றுவது ஒன்று, ஒவ்வொரு சோடியையும் முறுக்குவது மற்றொன்று. இவற்றைக் காணொளியில் பார்த்துக் கற்றுவிடலாம். ஆனால் இட்ரியா லேஸ் என்பது ஆறேழு சோடிகளால் பின்னும் ஒரு குறுகிய நாடா. அது பாம்புபோல் வளைந்து நெளிந்து வடிவமாகி, தன்னைத் தானே தொடும் இடங்களில் கொக்கி ஊசியால் இணைக்கப்படும். அந்த வளைவில்தான் எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தோல்வி. வளைவின் உட்புறத்தில் குண்டூசிகள் நெருங்கி, நாடா சுருங்கிப் புடைத்துக்கொண்டு நிற்கும். பிரித்துப் பிரித்துப் பின்னியும் சரியாகவில்லை.

விழாவின் இரண்டாம் நாள், மரநிழலில் பின்னிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரின் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. என் தலையணையைக் காட்டிச் சைகையால் கேட்டேன். உட்காரச் சொன்னார். அவருடைய தலையணை அங்கே 'புங்கெல்' எனப்படும் உருளை. அதில் பாபின்கள் முன்புறம் தொங்கும், உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும். என்னுடையது தட்டையான வட்டத் தலையணை. பாபின்கள் உருளாமல் இருப்பதற்காக அடியில் கண்ணாடி மணி கோத்த இங்கிலாந்து வகை. அவர் ஒரு பாபினை எடுத்து மணிகளை விரலால் சுழற்றிப் பார்த்து, பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தார். அது மூன்று பேர் கைமாறித் திரும்பி வந்தது. பிறகு என் நாடாவின் வளைவை நகத்தால் தொட்டுப் பார்த்தார், தலையை அசைத்தார், என் கையிலிருந்த வேலையை வாங்கி நான்கு வரிசை பிரித்தார். பின்னி வந்தபோது உட்புறத்தில் புதிய துளைக்குப் போகவில்லை. ஏற்கெனவே ஊசி நின்ற துளைக்கே மறுபடியும் வந்தார். இரண்டு வரிசைக்கு ஒரே ஊசி. அடுத்து, நடுவில் ஓடும் சோடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல இழுத்தார். நாடா தலையணையில் படிந்து கிடந்தது. என்னைச் செய்யச் சொன்னார். நான் இழுத்தது போதாது என்று என் கையின் மேல் தன் கையை வைத்து இழுத்தார். எவ்வளவு இழுப்பது என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, அந்தக் கை சொன்னது. எங்களுக்குள் பொதுமொழி ஒன்றுகூட இல்லை, ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் நாகர்கோவில் அக்காவை அவரிடம் அழைத்துப் போனேன். அக்கா தன் பாட்டி பின்னிய ஒரு சட்டைக் கழுத்துப் பட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நாகர்கோவில் லேஸின் கதை நம்மில் பலருக்குத் தெரியாது என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். 1819இல் அங்கு வந்த சமயப் பணியாளர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய அடிமைப் பெண்களும் இருந்தார்கள். மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்று, அந்தக் கைத்தொழிலை அங்கும் பரப்பினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காகக் கால்டுவெல்லை நாம் நாள்தோறும் நினைக்கிறோம். அதே வீட்டிலிருந்து பரவிய நூல் வேலையையும் நினைக்க வேண்டும் என்பது என் வலுவான எண்ணம்.

மூதாட்டி அந்தப் பட்டையை முதலில் புரட்டிப் பின்புறத்தைப் பார்த்தார். பின்னுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், முடிச்சும் இணைப்பும் அங்கேதான் தெரியும். விரல்நுனியால் தடவி, உதட்டில் எண்ணிக்கொண்டே வந்து, சோடிகளின் எண்ணிக்கையை விரல்களில் காட்டினார். அக்கா அழுதுவிட்டார். பாட்டி போன பிறகு அந்தப் பட்டையை அப்படிப் படித்தவர் ஒருவரும் இல்லை என்று இரவு விடுதியில் சொன்னார்.

இப்போது ஏற்பாடுகள். இட்ரியாவில் ரயில் நிலையம் கிடையாது. நாங்கள் இஸ்தான்புல் வழியாக லியுப்லியானாவுக்குப் பறந்து, அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரைப் பேருந்தில் கடந்தோம். ஊர் சிறியது என்பதால் விழா நாள்களில் அறை கிடைப்பது கடினம். தேதி அறிவித்தவுடன் அறையைப் பதிவு செய்துவிட்டு, விமானச் சீட்டைப் பிறகு பாருங்கள். ஜூன் நம் பள்ளி விடுமுறைக் காலம். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அது வசதி, ஆனால் சீட்டு விலை ஏறும். நாங்கள் ஆளுக்கு மாதம் 200 சிங்கப்பூர் வெள்ளி வீதம் 18 மாதம் கூட்டாகச் சேமித்தோம். அந்த 3,600 வெள்ளிக்குள் பயணமும் தங்குமிடமும் அடங்கின. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டியதில்லை. உங்கள் குழுவில் இந்தியக் கடப்பிதழுடைய நிரந்தரவாசிகள் இருந்தால் அவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். எங்கள் அக்காவுக்கு அது கைக்கு வரும்வரை மற்ற நால்வரும் நிம்மதியாகத் தூங்கவில்லை, ஆகவே முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

தலையணையைக் கையில் தூக்கிக்கொண்டு விமானம் ஏற நினைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான குண்டூசிகள் குத்திய ஒரு பொருள் பாதுகாப்புச் சோதனையில் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். பாபின்களை வரிசையாகத் துணியில் மடித்துக் கட்டி, வேலையின் மேல் இன்னொரு துணியை இறுக்கிச் சுற்றி, பெட்டியில் உடைகளுக்கு நடுவில் வையுங்கள். கத்தரிக்கோலும் அதோடு போகட்டும். பறக்கும் நேரத்தில் கை சும்மா இருக்காது என்றால், நூல் சுற்றிய சிறிய ஓடத்தால் முடிச்சுப் போட்டுச் செய்யும் டாட்டிங் லேஸை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஊசி வேண்டியதில்லை. நம் ஊரின் ஈரக்காற்றில் இரும்புக் குண்டூசி துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை விடும். பித்தளை அல்லது துருவேறா எஃகு ஊசிகளுக்கு மாறிவிட்டுக் கிளம்புங்கள். என் முதல் வேலையில் பதிந்த பழுப்புப் புள்ளிகள் இன்னும் போகவில்லை.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஊரின் பெயர்பெற்ற பலகாரம் 'ஜ்லிக்ரோஃபி', உருளைக்கிழங்கு அடைத்த சிறிய கொழுக்கட்டை. உருளைக்கிழங்கு என்றதும் சைவம் என்று எண்ணிவிட வேண்டாம், வழக்கமாகப் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள். எங்கள் மலாய்த் தோழிக்காக ஒவ்வோர் இடத்திலும் விசாரித்த பிறகே வாங்கினோம்.

விழாவில் லேஸ் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் உள்ளங்கை அளவுள்ள ஒரு துண்டை முடிக்க உங்களுக்கு எத்தனை மாலைகள் பிடித்தன என்று கணக்கிட்டுப் பார்த்தால், அங்கே சொல்லும் விலை குறைவாகவே தோன்றும். பிரான்சின் அலான்சோன் ஊசி லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகும். வடிவங்கள் வரைந்து துளையிட்ட அட்டைகளையும் லினன் நூலையும் நிறைய வாங்கி வாருங்கள். அவை இங்கே எளிதில் கிடைப்பதில்லை, எடையும் இல்லை.

விழா முடிந்த மறுநாளும் தங்க முடிந்தால் தங்குங்கள். கெவெர்கெனெக் கோட்டையில் உள்ள நகர அருங்காட்சியகத்தில் லேஸ் காட்சியைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம். 1500ஆம் ஆண்டில் தோண்டிய ஆந்தோனியார் சுரங்கப் பாதையிலும் இறங்கிப் பாருங்கள், உள்ளே நல்ல குளிர், மேற்சட்டை வேண்டும். அந்த இருட்டைப் பார்த்துவிட்டு வந்த பிறகு மேலே வீடுகளில் பின்னிய லேஸைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடுகிறது.

இவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால் இலங்கையின் காலி நகரம் நான்கு மணி நேர விமானப் பயணத்துக்கும் அதற்கு மேல் ஒரு சாலைப் பயணத்துக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே பாபினுக்குப் 'பீரளு' என்று பெயர், இன்றும் பெண்கள் பின்னுகிறார்கள். அங்கும் உங்கள் தலையணையோடுதான் போக வேண்டும். நாங்கள் அடுத்து நாகர்கோவிலுக்கும், அதே குமரி மாவட்டத்தில் லேஸ் பின்னும் ஊரான முளகுமூட்டுக்கும் செல்கிறோம். அக்கா அந்தக் கழுத்துப் பட்டையின் வடிவத்தைச் சதுரக்கட்டத் தாளில் பாதிவரை வரைந்து முடித்திருக்கிறார். மீதியை அங்கே வயதான கைகள் யாராவது சரிபார்த்துத் தருவார்கள் என்று காத்திருக்கிறோம்.