ராணுவ லாரியின் ஜோடி பெல்ட்: ஒன்றை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லாரி ஒன்று வைத்திருக்கிறேன். டீசல் இன்ஜின், 24 வோல்ட். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரை ஓட்டும் இரண்டு பெல்ட்டில் ஒன்று நார்நாராகப் பிரிந்துவிட்டது; மற்றது நன்றாகத்தான் இருக்கிறது. பிரிந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் உதிரிபாகம் விற்பவர். தன்னிடம் ராணுவ உறை பிரிக்காத அசல் பெல்ட் ஒன்றே ஒன்று இருக்கிறது, விட்டால் கிடைக்காது என்றும் சொல்கிறார். வாங்கலாமா? நானே மாட்டிவிட முடியுமா?

பதில்: அந்த ஒற்றை பெல்ட்டை வாங்காதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நீங்களே மாட்டலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஓடிய பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும். பக்கங்களும் தேய்ந்திருப்பதால் புல்லியின் பள்ளத்தில் சற்றுக் கீழே இறங்கி ஓடும். புதுசு மேலே உட்காரும். இரண்டையும் இழுத்துப் பிடிப்பது ஒரே அட்ஜஸ்டர்தான். புதுசு டைட்டாகும்போது பழசு இன்னும் லூஸாகவே இருக்கும். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான்: பாரம் முழுக்க ஒன்றின் கழுத்தில். பழைய பெல்ட் வழுக்கிச் சூடாகும். புதியதும் சீக்கிரம் போய்விடும். ராணுவ வண்டிகளில் ரேடியோ கருவிகளுக்கும் சேர்த்து மின்சாரம் தேவைப்படும் என்பதால் பெரிய ஆல்டர்னேட்டர் வைப்பதுண்டு. அதற்கு ஒரு பெல்ட் தாங்காது என்றுதான் இரண்டு போட்டிருக்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே எண், முடிந்தால் ஒரே தயாரிப்புத் தொகுதி என்று பார்த்து ஜோடியாக வாங்குங்கள்.

அந்த 'உறை பிரிக்காத அசல்' விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டிக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ரப்பர் ஓடினால்தான் கெடும் என்பதில்லை, உறைக்குள் இருந்தபடியே கெடும். வெயில் படாத, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் ஒழுங்காக வைத்திருந்தால் நல்ல வி பெல்ட் (குறுக்குவெட்டு 'V' வடிவில் இருக்கும் இந்த வகை) சுமார் 6 முதல் 8 ஆண்டு வரை தன் பலத்தோடு இருக்கும். தகரக் கொட்டகைச் சூட்டில் கிடந்தால் அதுவும் இல்லை. இருபது வருஷத்துக்கு முன் கட்டிய உறைக்குள் இருப்பது, பார்க்கப் புதிதாகத் தெரியும் கிழட்டு ரப்பர்.

உறைமேல் இருக்கும் 13 இலக்க எண்ணைக் காட்டி 'இதுதான் அத்தாட்சி' என்பார்கள். நேட்டோ முறையில் பொருளுக்குக் கொடுக்கும் கையிருப்பு எண் அது. முதல் நான்கு இலக்கம் 3030 என்றிருந்தால் டிரைவ் பெல்ட் வகை என்று அர்த்தம். அடுத்த இரண்டும் எந்த நாடு அந்த எண்ணைக் கொடுத்தது என்பதைச் சொல்லும்: 00, 01 என்றால் அமெரிக்கா, 12 என்றால் ஜெர்மனி, 99 என்றால் பிரிட்டன். பெல்ட்டுக்கு வயது எத்தனை என்று அந்த எண் சொல்லாது. உறையில் தேதி இருந்தாலும் அது பொட்டலம் கட்டிய தேதியாக இருக்கலாம். பெல்ட் அதற்கு எவ்வளவோ முன்பே செய்யப்பட்டிருக்கலாம். உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். காட்டினால், மெதுவாக வளைத்துப் பாருங்கள். உள்பக்கத்தில் மயிரிழை விரிசல், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, மடித்து வைத்த இடத்தில் நிமிராத தழும்பு, இதில் எது தெரிந்தாலும் வேண்டாம்.

'விட்டால் கிடைக்காது' என்பதும் பெரும்பாலும் பொய். வண்டி ராணுவத்துடையது என்பதற்காக அதன் பெல்ட்டும் தனி வகையாக இருக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் ஓடுவது சாதாரண கனரக வண்டிகளின் வி பெல்ட்தான். ஆனால் பாகப் புத்தகத்தைத் திறந்தால் கையிருப்பு எண் இருக்கும், அகலமும் நீளமும் பல இடங்களில் இருக்காது. ராணுவக் கிடங்குக்குச் சீட்டு எழுதிப் போடுகிறவருக்கு அது போதும். கிடங்கே இல்லாத உங்களுக்கு எதற்கு? ஏலம் விடும்போது வண்டியோடு பராமரிப்புக் கையேட்டையும் பதிவேட்டையும் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பெரும்பாலும் கொடுப்பதில்லை; 'இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்' என்று சாவியை நீட்டிவிடுகிறார்கள். அந்த ஓட்டையில்தான் இந்த இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு.

ஆகவே அளவை நீங்களே எடுங்கள். அகலத்தைத் தேய்ந்த பெல்ட்டில் எடுக்காமல் புல்லிப் பள்ளத்தின் வாயில் எடுக்க வேண்டும். நீளத்துக்கு, அட்ஜஸ்டரை அது நகரக்கூடிய தூரத்தில் பாதியை விடக் குறைவாக வெளியே தள்ளி வைத்து, புல்லிகளைச் சுற்றி டேப் ஓட்டிப் பாருங்கள். கடையில் சொல்லும் நீளம் 'உள்சுற்றா, வெளிச்சுற்றா?' என்று கட்டாயம் கேளுங்கள். 13 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன் உள்ள பெல்ட்டில் இரண்டு சுற்றளவுக்கும் சுமார் 50 மி.மீ. வித்தியாசம் வரும். 'அதே நம்பர்தான்' என்று வாங்கி வந்து, மாட்ட முடியாமல் திரும்புகிறவர்கள் ஏராளம். அகலம் ஒத்துப்போகிறதே என்று தண்ணீர் மோட்டார், மாவு மில்லுக்கான பெல்ட்டை நீட்டினாலும் வாங்காதீர்கள். இன்ஜின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் தாங்கும் வண்டி பெல்ட் வேண்டும் என்று கேளுங்கள்.

ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கழற்றுவதற்கு முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு பெல்ட்டும் ஜோடியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்ஜின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் புல்லியில் ஒட்டினாற்போல் கிளம்பி, ஒன்று ஆல்டர்னேட்டருக்கும் மற்றது ஏர் கம்ப்ரஸருக்கும் போகலாம். அல்லது ஒன்று வாட்டர் பம்ப்பைத் தொட்டுவிட்டுப் போகும், இன்னொன்று தொடாமல் போகும். இன்ஜினை நிறுத்திவிட்டு, பிரிந்த பெல்ட்டின்மேல் விரலை வைத்து ஒரு முழுச் சுற்று வாருங்கள். எந்தெந்தப் புல்லியைத் தொடுகிறது என்று காகிதத்தில் குறியுங்கள். அடுத்த பெல்ட்டையும் அப்படியே பாருங்கள். இரண்டும் அதே புல்லிகளை, அதே வரிசையில், பக்கத்துப் பள்ளங்களில் தொட்டால் ஜோடி. ஒரு புல்லி மாறினாலும் ஜோடி இல்லை; பிரிந்ததை மட்டும் மாற்றலாம். அட்ஜஸ்டரும் ஒரு சாட்சி: தனித்தனி அட்ஜஸ்டர் இருந்தால் தனித்தனி பெல்ட். நீங்கள் 'ஆல்டர்னேட்டரை ஓட்டும் இரண்டு' என்று எழுதியிருப்பதால் ஜோடி என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். இருந்தாலும் விரல் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாட்டுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதல் வேலை, பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுவது. இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராகச் சேர்ந்த 24 வோல்ட் அது. ஆல்டர்னேட்டர் முனையில் ஸ்பேனர் பட்டால் கை வெந்துவிடும். அட்ஜஸ்டர் போல்ட்டோடு கீழே இருக்கும் சுழல் போல்ட்டையும் (ஆல்டர்னேட்டர் அசைவது இதை அச்சாக வைத்துத்தான்) தளர்த்துங்கள். பலர் இரண்டாவதை மறந்துவிட்டு ஆல்டர்னேட்டரோடு மல்லுக்கட்டுவார்கள். முன்னால் ஓடும் பெல்ட்டுகள் முதலில் வரும், பிறகு உள்ளே இருப்பவை. ஃபேன் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி எடுக்க வேண்டியிருக்கும். புது பெல்ட்டைக் கம்பி கொடுத்து நெம்பி ஏற்றவே கூடாது. உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஏறவில்லை என்றால் இன்னும் தளர்த்துங்கள். அப்போதும் ஏறாவிட்டால் அளவு தவறு.

பெல்ட் இல்லாத அந்த நேரத்தில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங் கரகரத்தால் இப்போதே கவனிக்க வேண்டும். பள்ளத்தின் சுவரில் ஸ்கேல் போல நேர்விளிம்புள்ள ஒன்றை வைத்து, 0.8 மி.மீ.க்கு மேல் குழி விழுந்திருந்தால் புல்லியை மாற்றுங்கள். பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

டைட் வைக்கும் அளவுக்கு வண்டியின் கையேடு சொல்வதே முதன்மை. கையேடு இல்லாவிட்டால் பொது அளவு ஒன்று இருக்கிறது: இரண்டு புல்லிக்கு நடுவே உள்ள நீளத்தில் ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் சுமார் 1.6 மி.மீ. அமுங்கலாம். 400 மி.மீ. இடைவெளி என்றால் நடுவில் விரலால் ஓரளவு அழுத்தினால் 6, 7 மி.மீ. போதும். சத்தம் வரக்கூடாது என்று வீணைத் தந்திபோல் இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங் போய்விடும். கிரீச்சிட்டால் அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம்.

சில நிமிடம் ஓட்டி நிறுத்தி மறுபடி பாருங்கள்; புது பெல்ட் பள்ளத்தில் பதிந்து சற்றுத் தளரும். ஒரு நாள் ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு முறை. உங்கள் வண்டியில் ஏர் கம்ப்ரஸரும் பெல்ட்டில்தான் ஓடுகிறது என்றால், வண்டி நின்ற இடத்திலேயே பிரேக்குக்கான காற்றழுத்தம் வழக்கமான அளவுக்கு ஏறி நிற்கிறதா என்று கேஜில் பார்த்த பிறகே கியரைப் போடுங்கள்.