ஆக்சிஜன் நிரப்பிய ஜாடிக்குள் விட்டதும் இரும்புக் கம்பி எரியாமல் அணைவது ஏன்?

கம்பியின் தடிமன்தான் காரணம். சிவக்கக் காய்ச்சியும் ஜாடிக்குள் மங்கிவிடுகிறது என்கிறீர்களே, தடித்த கம்பி நுனியின் சூட்டை உடம்பெங்கும் இழுத்துக்கொள்கிறது. அதனால் பற்றுவதற்கு முன்பே நுனி ஆறிவிடுகிறது.

வாயு மீது சந்தேகம் இருந்தால் இன்னொரு ஜாடியில் தணல் குச்சியை விட்டுப் பாருங்கள். குப்பென்று எரிந்தால் ஆக்சிஜன் சரி.

அப்புறம் கம்பிக்குப் பதில் மெல்லிய இரும்பு நார் எடுங்கள். துருப்பிடிக்காத எஃகு நார் வேண்டாம், குரோமியம் ஆக்சைடு படலம் அதைக் காக்கும். நுனி சிவந்த கையோடு இறக்குங்கள். பொறி பூவாய்ச் சிதறும். நுனியில் உருகிய கரும் ஆக்சைடு துளியாகத் திரண்டு தொங்கும். பார்க்கவே அவ்வளவு அழகு!

அந்தத் துளி விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். அடியில் மணலோ தண்ணீரோ கட்டாயம் வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.